பானெட்டுக்குள் ஒழுகுவது எது? பழைய டீசல் ட்ரக்கில் கசிவைப் பிடிக்கும் வழி

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் இருக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் அடியில் கறுப்பாக ஒரு சொட்டு தொங்கினால் போதும், "பின்பக்க கிராங்க் சீல் போயிடுச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்று தீர்ப்பு வந்துவிடும். கிராங்க் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் அந்த சீல் சின்னச் சாமான்தான். அதை மாற்றுகிற வேலைதான் பெரிது. இறக்கி, மாற்றி, ஏற்றி வண்டியை வெளியே எடுத்தால் அதே இடத்தில் அதே சொட்டு. கசிந்த திரவம் கீழே இறங்கும். ஃபேன் காற்றும் ஓட்டக் காற்றும் அதைப் பின்னால் தள்ளும். அதனால் இன்ஜினில் எங்கே கசிந்தாலும் பெரும்பாலும் அது வந்து சேருகிற இடம் பெல் ஹவுசிங்கின் அடிதான். ஈரத்தின் உச்சியில், முன்பக்கம் எது இருக்கிறதோ அதைத் தேடு என்று பட்டறைகளில் சொல்வது இதனால்தான்.

அது சரியான அறிவுரை, ஆனால் பாதி அறிவுரை. எங்கே கசிகிறது என்பதோடு எப்போது கசிகிறது என்பதையும் கவனித்தால் பாதி வேலை பானெட்டைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடும். ஓடும்போதா, நின்றபோதா? சூட்டிலா, குளிரிலா? ஸ்டியரிங்கைத் திருப்பும்போதா? ஒவ்வொரு திரவத்துக்கும் அழுத்தம் ஏறுகிற நேரம் வேறு வேறு.

ஒழுகுவது என்ன திரவம்?

இரவு வண்டியை நிறுத்தும்போது அடியில் பெரிய அட்டையை விரியுங்கள். முன் சக்கரங்கள் நிற்கும் இடத்தை அதில் பேனாவால் குறித்துவிடுங்கள். காலையில் அட்டையை எடுத்தால் சொட்டு விழுந்த இடம் சக்கரக் கணக்கில் கிடைக்கும்.

டீசல் இன்ஜினில் ஆயிலின் நிறத்தை நம்ப முடியாது. புது ஆயில் ஊற்றி ஓட்டினால் கொஞ்ச தூரத்திலேயே கரி கலந்து கறுத்துவிடும். கறுப்பாக இருப்பதெல்லாம் இன்ஜின் ஆயிலும் இல்லை; டீசல்கூட அழுக்குப் படிந்த பிளாக் மேல் வழிந்து வந்தால் கறுப்பாகத்தான் சொட்டும். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். இன்ஜின் ஆயில் நடுவில் கறுப்புப் பொட்டாக நிற்கும். டீசல் அகலமாகப் பரவும், வாசனையும் காட்டிக் கொடுக்கும். கூலன்ட் விரல்களுக்கு இடையே வழுக்கும், லேசாக இனிப்பு வாடை அடிக்கும்; காய்ந்த இடத்தில் பச்சையாகவோ ரோஸ் நிறத்திலோ வெள்ளையாகவோ பொருக்குத் தட்டியிருக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் சொட்டைப் போடுங்கள். ஆயில், டீசல், ஸ்டியரிங் ஆயில் மூன்றும் மிதக்கும். கூலன்ட்டும் சாதாரண பிரேக் ஆயிலும் தண்ணீரோடு கலந்துவிடும். ஏசி ஓடிய பிறகு ஒரு பக்கமாகச் சொட்டுவது வெறும் தண்ணீர் என்றால் நிம்மதியாக விட்டுவிடலாம்.

கழுவாமல் தேடாதீர்கள்

பல வருடப் பிசுக்கின் மேல் புதுக் கசிவைத் தேடுவது வெட்டி வேலை. இன்ஜின் ஆறியிருக்கும்போது டீகிரீஸர் அடித்து, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, குறைந்த அழுத்தத் தண்ணீரில் கழுவுங்கள். ஆல்டர்னேட்டர், ஏர் கிளீனர் வாய், ஒயர் கனெக்டர்கள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரால் கட்டிவிடுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டத்தில் பிடித்து அடித்தால் கிராங்க் சீலின் உதட்டுக்குள்ளேயே தண்ணீரும் மண்ணும் போகும். இல்லாத கசிவை நாமே உண்டாக்கியது போலாகும். காற்றடித்துக் காயவைத்து, சந்தேகம் உள்ள இணைப்புகளில் மட்டும் டால்கம் பவுடரை லேசாகத் தூவுங்கள். ஐடிலில் சில நிமிடம் ஓடவிட்டால் வெள்ளையின் மேல் முதல் ஈரக்கோடு எங்கே விழுகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

அதிலும் பிடிபடாத மெல்லிய கசிவுக்குத்தான் யூவி டை, அதாவது யூவி வெளிச்சத்தில் ஒளிரும் சாயம். பொதுவாக 4–5 லிட்டர் ஆயிலுக்கு 30 மி.லி. என்ற கணக்கில் விற்பார்கள். டீசல் ட்ரக் இன்ஜினில் 10 முதல் 14 லிட்டர்வரை ஆயில் இருக்கும் என்பதால் ஒரு பாட்டில் போதாது. கரி ஏறிய ஆயிலில் டையின் ஒளி மங்கிவிடும். ஆயில் மாற்றியவுடன் ஊற்றுவதுதான் சரி. ஆயிலுக்கான டை வேறு, கூலன்ட்டுக்கான டை வேறு. ஒரு நாள் ஓட்டிவிட்டு, இருட்டில் யூவி டார்ச்சோடு மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். தலை நுழையாத இடத்துக்கு, பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற கைப்பிடிக் கண்ணாடி ஒன்று வேண்டும். போன் கேமராவை நீட்டியும் சமாளிக்கலாம்.

இன்ஜின் ஆயில்: நின்றபோதா, ஓடும்போதா?

இன்ஜின் நின்றதும் ஆயில் எல்லாம் அடித்தொட்டியான சம்ப்பில் இறங்கிவிடும். அந்த மட்டம் கிராங்க் சீலுக்குக் கீழேதான் இருக்கும். ஆகவே இரண்டு நாள் அசையாமல் நின்ற வண்டியிலும் புதிதாகச் சொட்டு விழுந்துகொண்டே இருந்தால் கிராங்க் சீலைக் குறை சொல்லாதீர்கள். சம்ப் கேஸ்கட், டிரெயின் போல்ட் வாஷர், துருப்பிடித்து ஓட்டை விழுந்த சம்ப் என்று மட்டத்துக்குக் கீழே உள்ளவற்றைப் பாருங்கள். கிராங்க் சீல் கசிந்தால் ஓடும்போதுதான் கசியும். நிறுத்திய பிறகு விழுவது வழியில் தங்கியிருந்த மிச்சம், கொஞ்ச நேரத்தில் குறைந்துவிடும்.

ஓடும்போது கணிசமாக ஒழுகி, நிறுத்தியதும் நின்றுவிடுகிறதா? அப்படியானால் அழுத்தமுள்ள பாதையைச் சந்தேகியுங்கள். ஓடும் இன்ஜினில் ஆயில் அழுத்தம் 3–4 பார் வரும். சின்ன விரிசலிலிருந்துகூட நிறைய வெளியே வரும். ஆயில் பிரஷர் சுவிட்ச், டர்போவுக்குப் போகும் ஃபீட் பைப், ஆயில் கூலர், ஃபில்டர் இவைதான் இந்தப் பட்டியலில் முதலில் வருபவை. பிரஷர் சுவிட்ச் தந்திரமானது: உள்ளே டயாஃப்ரம் கிழிந்தால் ஆயில் கனெக்டர் வழியாக ஒயருக்குள்ளேயே ஏறி, தூரத்தில் எங்கோ சொட்டும். கனெக்டரைப் பிடுங்கிப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் விஷயம் முடிந்தது. ஆயில் மாற்றிய மறுநாளே பெரிய ஒழுக்கு என்றால் பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் ஹவுசிங்கில் ஒட்டிக்கொண்டு, அதன் மேலேயே புது ஃபில்டர் மாட்டப்பட்டிருக்கலாம். வண்டியை எடுக்காமல் கழற்றிப் பாருங்கள். நெடுஞ்சாலையில் அந்த வளையம் பிதுங்கினால் சம்ப் காலியாக அதிக நேரம் ஆகாது.

டேப்பெட் கவர் (சிலிண்டர் ஹெட்டின் மேல்மூடி), டைமிங் கவர் (இன்ஜினின் முன்மூடி) இவை அழுத்தமில்லாத இடங்கள், மெதுவாகத்தான் கசியும். ஆனால் டேப்பெட் கவரின் பின் மூலையில் கசிந்தால் ஹெட்டின் பின்புறமாக இறங்கி நேரே பெல் ஹவுசிங் மேல் விழும். பின்பக்க சீல் என்று தவறாகக் கணிக்கப்படும் கசிவுகளில் இதற்கு முதலிடம் கொடுக்கலாம். ஃபயர்வாலுக்கும் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுச்சுவர்) ஹெட்டுக்கும் நடுவே கையைவிட்டு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி உலர்ந்து வந்த பிறகு சீலைப் பற்றிப் பேசலாம். பெல் ஹவுசிங்கின் இன்ஸ்பெக்‌ஷன் தகட்டைக் கழற்றி உள்ளே பார்ப்பதும் அவசியம். உள்சுவர் உலர்ந்திருந்து வெளியே மட்டும் ஈரம் என்றால் சீல் நிரபராதி. உள்ளே ஈரம் இருந்து, அது கரியில்லாமல் தடித்து, கந்தக நாற்றம் அடித்தால் கியர்பாக்ஸின் முன் சீல்தான் காரணம்.

சில இன்ஜின்களின் அமைப்பே இந்தக் குழப்பத்தை உண்டாக்கும். ஃபோர்டின் 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் வி8 (1994 முதல் 2003 வரை) இன்ஜினில் டீசல் ஃபில்டர் பாத்திரம் இரு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அதன் டிரெயின் வால்வு ஓ-ரிங் போனால் டீசல் பள்ளத்தில் தேங்கி, பின்பக்கத் துளை வழியாக இறங்கி, பெல் ஹவுசிங்கில் சொட்டும். டர்போ பீடத்தின் ஓ-ரிங் கசிந்தாலும் அந்த ஆயில் அதே வழியில்தான் இறங்கும். 1998 வரை டாட்ஜ் ராமில் வந்த 12 வால்வு கம்மின்ஸ் 5.9-இல் ஹெட்டின் பின்னால் இருக்கும் ரப்பர் டீசல் ரிட்டர்ன் குழாய் வெடித்து அதே நாடகத்தை நடத்தும். பிளாக்கின் பக்கவாட்டு மூடியின் கேஸ்கட்டும் பழசானால் கசியும். பெல் ஹவுசிங்கில் தொங்கும் சொட்டை முகர்ந்து பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்கக் கூடாது என்பதற்கு இந்த இரண்டுமே போதும்.

எல்லா சீலும் ஒரே நேரத்தில் கசிந்தால்

முன் சீல், பின் சீல், டேப்பெட் கவர், டிப்ஸ்டிக் வாய் என்று நாலாபுறமும் ஈரமாக இருந்தால் சீல்கள் பேசிவைத்துக்கொண்டு கெட்டுப்போகவில்லை. கிராங்க் கேஸுக்குள் காற்றழுத்தம் ஏறியிருக்கிறது. பிஸ்டன் ரிங் தாண்டி வரும் புகை பிரீதர் என்ற மூச்சுக்குழாய் வழியாக வெளியேற வேண்டும். பிரீதர் குழாயோ அதன் வலையோ கரியும் பிசுக்கும் சேர்ந்து அடைத்திருந்தால் அந்தப் புகை ஆயிலையும் இழுத்துக்கொண்டு கிடைத்த இடுக்கு வழியாக வெளியே வரும். இந்த நிலையில் புது சீல் போட்டாலும் சீக்கிரமே கசியும்.

இன்ஜின் சூடான பிறகு ஐடிலில் ஆயில் மூடியைக் கழற்றி, அதன் வாய் மேலேயே தலைகீழாக வையுங்கள். லேசாக ஆடிக்கொண்டிருந்தால் பழைய டீசலுக்கு அது சகஜம். தூக்கி எறிந்தால் அடைப்போ ரிங் தேய்மானமோ இருக்கிறது. பிரீதரை முழுதும் கழற்றி டீசலில் கழுவி, காற்றடித்து மாட்டிய பிறகு திரும்பப் பாருங்கள். அப்போதும் எறிந்தால் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுக்காமல் சீலுக்குப் பணம் செலவழிப்பதில் அர்த்தமில்லை. டர்போ வண்டியில் பிரீதர் அடைத்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. டர்போவின் ஆயில் அழுத்தமில்லாமல், தானாகவே சம்ப்புக்கு வழிந்து இறங்க வேண்டும். சம்ப்பில் அழுத்தம் இருந்தால் இறங்க முடியாமல் டர்போ சீலைத் தாண்டி இன்டர்கூலர் குழாய்க்குள் போகும். "டர்போ போயிடுச்சு" என்று கழற்றுவதற்கு முன் பிரீதரையும் ரிட்டர்ன் பைப்பையும் பார்த்துவிடுவது நல்லது. குழாய்க்குள் மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. குட்டையாகத் தேங்கியிருந்தால்தான் கவலை.

டீசல்: சொட்டாத கசிவும் உண்டு

முதலில் எச்சரிக்கை. ஓடும் இன்ஜினில் இன்ஜெக்டர் பைப்பைக் கையால் தடவிக் கசிவு தேடவே கூடாது. பழைய மெக்கானிக்கல் பம்ப்பிலேயே இருநூறு பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயிலில் ஆயிரத்தைத் தாண்டும். ஊசிமுனை ஓட்டையிலிருந்து வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. ஆனால் விரலையே எடுக்க வேண்டிய நிலைமை வரலாம். அப்படி நேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய், டீசல் அழுத்தத்தோடு உள்ளே ஏறிவிட்டது என்று சொல்ல வேண்டும். கசிவைத் தேட ஒரு துண்டு அட்டையைத் தள்ளிப் பிடித்து நகர்த்துங்கள். அட்டை நனைகிற இடத்தில் கசிவு.

பைப் நட்டில் கசிந்தால் இன்ஜினை நிறுத்திவிட்டு முறுக்குங்கள். பம்ப் பக்கத்து நட்டை முறுக்கும்போது அடியில் இருக்கும் டெலிவரி வால்வு ஹோல்டரை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ள வேண்டும். அது சேர்ந்து திரும்பினால் பம்ப்புக்கு வேறு வேலை வந்துவிடும். சாதாரண முறுக்கில் நிற்காத கசிவு பலம் போட்டாலும் நிற்காது. பைப் முனையின் கூம்பில் கீறலோ மண்ணோ இருக்கும். கழற்றித் துடைத்துப் பாருங்கள். பைப்களைச் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்ப்களை யாரோ கழற்றிப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். கிளாம்ப் இல்லாத பைப் அதிர்ந்து அதிர்ந்து நட்டுக்குப் பக்கத்திலேயே விரிசல் விடும்.

நாசில்களுக்கு மேலே ஓடும் மெல்லிய ஓவர்ஃப்ளோ ரப்பர் குழாய்கள் சூட்டில் வெடிப்பது பழைய டீசலில் தினசரிக் கதை. நூல் பின்னலுக்கு அடியில் ரப்பர் உளுத்துப்போயிருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. வளைத்துப் பார்த்தால் ஈரம் கசியும். ஒன்று போனால் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். மீட்டர் கணக்கில் கிடைக்கிற மலிவான சாமான்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத கசிவு. டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை டீசல் உறிஞ்சப்படுகிறது. அந்தப் பகுதியில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். தரையில் சொட்டே இருக்காது. ஆனால் காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். ஓடும்போது திடீரென்று மூச்சு வாங்கும். இப்படி வந்தால் ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயை மாட்டி ஓடவிடுங்கள். ஸ்டார்ட் ஆனவுடன் சில குமிழிகள் வந்து நின்றுவிட்டால் கணக்கில்லை. தொடர்ந்து வந்தால் அடுத்த படி: டேங்க் குழாயைக் கழற்றிவிட்டு, ஃபீட் பம்ப்பின் உறிஞ்சு வாயை ஒரு கேனில் உள்ள டீசலோடு நேரடியாக இணையுங்கள். குமிழி நின்றால் ஓட்டை டேங்க்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில். நிற்காவிட்டால் ஃபீட் பம்ப், கை பம்ப், ஃபில்டர் ஓ-ரிங் இவற்றைப் பாருங்கள். டேங்க்கின் மேலே மண்ணுக்கடியில் துருப்பிடித்திருக்கும் உறிஞ்சு பைப்பை யாரும் பார்ப்பதே இல்லை. வேலை முடிந்ததும் அந்தப் பிளாஸ்டிக் குழாயைக் கழற்றிவிடுங்கள். டீசலில் அது விறைத்து வெடிக்கும்.

கந்தகம் குறைந்த டீசல் வந்த பிறகு பழைய இன்ஜெக்‌ஷன் பம்ப்கள் கசியத் தொடங்கியது பலர் கண்ட விஷயம். கந்தகத்தை நீக்கும்போது டீசலில் உள்ள அரோமாட்டிக் சேர்மங்களும் குறைகின்றன. பழைய டீசலில் ஊறி உப்பியிருந்த நைட்ரைல் ரப்பர் சீல்கள் புது டீசலில் சுருங்கிவிடும். பாஷ் விஇ போன்ற பம்ப்களில் த்ராட்டில் ஷாஃப்ட்டைச் சுற்றி ஈரம் கட்டுவதைப் பார்க்கலாம். மாற்றும்போது வைட்டான் ரப்பர் சீல் கேட்டு வாங்குங்கள்.

டீசல் கசிவில் மிக ஆபத்தானது வெளியே சொட்டாமல் ஆயிலோடு கலப்பது. ஃபீட் பம்ப் டயாஃப்ரம் கிழிந்தாலோ இன்ஜெக்‌ஷன் பம்ப்பின் முன் ஷாஃப்ட் சீல் போனாலோ டீசல் சம்ப்புக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறுகிறதா, முகர்ந்தால் டீசல் வாடையா, உடனே ஓட்டத்தை நிறுத்துங்கள். நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்னும். மட்டம் எல்லை மீறினால் இன்ஜின் தன் ஆயிலையே குடித்துச் சாவியை அணைத்தாலும் நிற்காமல் தறிகெட்டு ஓடும் அபாயமும் உண்டு.

கூலன்ட்

காலைக் குளிரில் மட்டும் சொட்டி, சூடானதும் நின்றால் ஹோஸ் கிளிப் தளர்ந்திருக்கிறது அல்லது ஹோஸ் விறைத்துவிட்டது. நிறுத்திய ஐந்து பத்து நிமிடத்தில் சொட்டினால் அதற்குக் காரணம் வேறு. ஓட்டம் நின்றதும் ஹெட்டின் சூடு தேங்கிய நீரில் ஏறி அழுத்தம் கூடும். பலவீனமான இடம் அப்போதுதான் வெளியே காட்டும். ஆறிய இன்ஜினில் பிரஷர் டெஸ்டர் மாட்டி, மூடியில் அச்சிட்ட அழுத்தம் வரை மட்டும் ஏற்றி, கால் மணி நேரம் விடுங்கள். சூடான ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். வாட்டர் பம்ப்பின் அடித்துளையில் காய்ந்த கறை மட்டும் இருந்தால் கவனித்தால் போதும், சொட்டினால் பம்ப் மாற்ற வேண்டும்.

அழுத்தம் இறங்குகிறது, வெளியே ஒரு சொட்டும் இல்லை என்றால் ஆயில் கூலரையும் ஹெட் கேஸ்கட்டையும் சந்தேகியுங்கள். ஆயில் கூலர் ஓட்டையானால் ஓடும்போது ஆயில் அழுத்தமே அதிகம் என்பதால் ஆயில் கூலன்ட்டுக்குள் போகும், ரிசர்வ் டேங்க்கில் பழுப்பு நிறக் குழம்பு மிதக்கும். நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் பூஜ்யம், கூலன்ட்டில் இன்னும் அழுத்தம் இருக்கும். நீர் ஆயிலுக்குள் திரும்பும். இரண்டு பக்கமும் கலந்திருந்தால் ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் கூலரைக் கழற்றி அழுத்தம் ஏற்றிப் பாருங்கள்.

மற்றவை

ஸ்டியரிங் ஆயில் கசிவு பெரும்பாலும் பிரஷர் ஹோஸில் ரப்பரும் உலோகமும் சேரும் இடத்தில்தான் இருக்கும். ஒருவர் ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்ப, இன்னொருவர் பார்க்க வேண்டும். கடைசி முனையில் ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்கு அடியில் பூஸ்டரின் பெயின்ட் உரிந்திருந்தால் பிரேக் ஆயில் கசிகிறது. அந்த வண்டியைச் சரிசெய்யும் வரை எடுக்கக் கூடாது. வெளியே கசியாமலே மட்டம் இறங்கினால் பூஸ்டருக்குள் போகிறதா என்று பாருங்கள். ஆல்டர்னேட்டரின் பின்னால் வேக்யூம் பம்ப் உள்ள வண்டிகளில் அதன் சீல் போனால் இன்ஜின் ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் இறங்கி சார்ஜிங்கைக் கெடுக்கும். சீலைத் தள்ளிப்போட்டால் ஆல்டர்னேட்டரும் கையைவிட்டுப் போகும்.

சரிசெய்யும்போது

இரவில் ஒரு நாணய அளவு கறை என்றால் இன்ஜினைப் பிரிக்க வேண்டாம். டிப்ஸ்டிக்கை வாரம் ஒருமுறை பார்த்துக்கொண்டு ஓட்டலாம். டீசலுக்கும் பிரேக்குக்கும் இந்தச் சலுகை கிடையாது.

டேப்பெட் கவர் தகடாக இருந்தால் போல்ட்டை அழுத்தி முறுக்குவதே கசிவுக்குக் காரணமாகும். போல்ட் துளையைச் சுற்றித் தகடு குழிந்திருந்தால் சமதளத்தில் வைத்துத் தட்டி நேராக்கிய பிறகே கேஸ்கட் போடுங்கள். சிலிக்கான் பேஸ்ட் 3 மி.மீ. கோடு போதும். பிதுங்கி உள்ளே விழும் துணுக்கு ஆயில் ஸ்ட்ரெய்னரை அடைக்கும். நடுத்துளை வழியாக ஆயிலோ டீசலோ ஓடும் பேன்ஜோ போல்ட்டின் காப்பர் வாஷர் ஒருமுறைதான். புதிது இல்லை என்றால் பழையதைச் செந்நிறமாகும் வரை சூடாக்கி ஆறவைத்து, மென்மையாக்கி, தேய்த்துப் போடலாம். கிராங்கில் பழைய சீல் பள்ளம் பறித்திருந்தால் புது சீலும் அதே பள்ளத்தில் உட்காரும். ஸ்லீவ் போட வேண்டும், இல்லையென்றால் இடமிருந்தால் சீலை ஒன்றிரண்டு மி.மீ. நகர்த்தி அடிக்க வேண்டும். ரப்பர் உதடு உள்ள சீலுக்கு ஆயில் தடவுவது வழக்கம். டெஃப்ளான் உதடு உள்ள சீலை, ஷாஃப்ட்டைத் துடைத்து, ஆயில் படாமல் உலர்வாகவே ஏற்ற வேண்டும். அதன் மெல்லிய படலம் ஷாஃப்ட்டில் ஒட்டினால்தான் சீல் பிடிக்கும். எண்ணெய்க் கையோடு மாட்டினால் முதல் நாளிலிருந்தே கசியும்.